16 வயதில் ஓட்டு: விவாத மேடைக்குத் தயாராவது எப்படி

‘வாக்களிக்கும் வயதைக் குறைக்கலாமா?’ பள்ளி, கல்லூரி மேடைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடும் தலைப்பு. வந்ததும் இரண்டு அணியும் ஒரே பள்ளத்தில் விழும். ஒருவர் ‘இன்றைய பிள்ளைகளுக்குக் கைப்பேசியிலேயே உலகம்’ என்பார். அடுத்தவர் ‘மீசை முளைக்காதவனுக்கு ஓட்டா’ என்பார். அரை மணி நேரம் பக்குவம், பக்குவமின்மை என்று பந்து உருளும். கடைசியில் யார் கைதட்டல் வாங்கினாரோ அவருக்குக் கோப்பை.

கீழே உள்ளது அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போக விரும்புகிறவர்களுக்கு. இரண்டு அல்லது மூன்று பேர் கொண்ட அணி, கையில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் படிப்புக்கு, இரண்டு நாள் எழுத்துக்கு, மீதி இரண்டு நாள் எதிரணியாக நின்று உங்களையே அடித்துப் பார்ப்பதற்கு. பெரும்பாலான அணிகள் இந்தக் கடைசி இரண்டு நாளைத்தான் விட்டுவிடுகின்றன. மேடையில் தடுமாறுவதும் அங்கேதான்.

தலைப்பை முதலில் முழுமையாக்குங்கள்

‘வயதைக் குறைக்கலாமா?’ என்று மட்டும் இருந்தால் அது பாதித் தலைப்பு. எந்த வயது, எந்தத் தேர்தல், கட்டாயமா விருப்பமா என்ற மூன்றுக்கும் அதற்குள்ளேயே விடை இருக்க வேண்டும். இந்தோனேசியாவிலும் கிரீஸிலும் 17. ஆஸ்திரியாவில் 2007 முதல் 16. பிரேசிலில் 1988 அரசியலமைப்புப்படி 16, 17 வயதினர் விரும்பினால் போடலாம். 18 முதல் 70 வரை கட்டாயம். ஸ்காட்லாந்தில் 16 வயதினர் தங்கள் நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் வாக்களிக்கிறார்கள். ஆனால் 2024 பிரிட்டன் பொதுத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. இப்படி நாட்டுக்கு நாடு மாறும் ஒன்றை வெறும் ‘குறைக்கலாமா’வில் அடக்க முடியாது.

நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பேசி, தலைப்பை இப்படி எழுதி வாங்குங்கள்: ‘மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 16 ஆகக் குறைக்க வேண்டும்.’ அல்லது: ‘தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல்களில் மட்டும் 16 வயதினர் வாக்களிக்கலாம்.’ இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; சட்டத்தில் வெகு தூரம். முதலாவதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். இரண்டாவது மாநிலச் சட்டமன்றத்தின் கைக்குள் வரும், ஏனெனில் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு மக்களவையையும் சட்டமன்றங்களையும் பற்றி மட்டுமே பேசுகிறது. இதைப் பிரிக்காமல் மேடை ஏறினால் ஆதரவு அணி உள்ளாட்சியைக் காட்டித் தப்பிக்கும், எதிரணி பிரதமர் தேர்தலைக் காட்டிப் பயமுறுத்தும். இருவரும் கடைசிவரை மோதிக்கொள்ளவே மாட்டார்கள்.

இன்னொரு குழப்பம்: வாக்களிக்கும் வயது வேறு, போட்டியிடும் வயது வேறு. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25, மாநிலங்களவைக்கு 30, ஊராட்சிக்கு 21. 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்ற நிலைக்குழு 18 என்று பரிந்துரைத்தது போட்டியிடும் வயதைத்தான். ‘வயதைக் குறைக்க நாடாளுமன்றக் குழுவே சொல்லிவிட்டது’ என்று அதை இந்தத் தலைப்பில் எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. எதிரணியில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சாளர் மிச்ச நேரம் முழுவதும் தலை நிமிர முடியாது.

சட்டத்துக்கு ஒரே ஒரு தாள்

ஒரு தாளின் ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை இவை. 1950 அரசியலமைப்பில் வயது 21. 61ஆம் திருத்தம் அதை 18 ஆக்கியது. மசோதா மக்களவையில் நிறைவேறியது 1988 டிசம்பர் 15, மாநிலங்களவையில் டிசம்பர் 20. பிறகு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல். 1989 மார்ச் 28 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் போட்ட கையெழுத்து என்பதைத் தஞ்சை மாவட்ட மேடைகளில் சொன்னால் ஒரு கைதட்டல் நிச்சயம், மதிப்பெண் வராது.

தமிழ்நாட்டுப் பேச்சாளர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று: ‘1989இல் தமிழகத்தில் ஆட்சியை மாற்றியது 18 வயது இளைஞர்கள்.’ தவறு. அந்தச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 1989 ஜனவரி 21. அன்றைக்கு வயது வரம்பு இன்னும் 21தான். திருத்தம் நடைமுறைக்கு வந்ததே அதற்கு இரண்டு மாதம் கழித்து. நாடு முழுக்க 18 வயதினர் வரிசையில் நின்ற முதல் பொதுத் தேர்தல் அந்த ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தல். திருத்தம் கொண்டுவந்த ராஜீவ் காந்தியின் கட்சி அதில் பெரும்பான்மையை இழந்தது. ‘வயதைக் குறைக்கும் கட்சிக்கே அந்த ஓட்டு போகும்’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்து வைக்கலாம்.

அந்த மசோதாவோடு வைத்த காரண விளக்கத்தையும் படித்துவிடுங்கள், அரைப் பக்கம்தான். பல நாடுகள் 18 வைத்துள்ளன, நம் நாட்டிலேயே சில மாநிலங்கள் உள்ளாட்சிக்கு 18ஐ ஏற்றுவிட்டன, இன்றைய இளைஞர் படித்தவர், அரசியல் உணர்வுள்ளவர் என்பதுதான் அதன் சாரம். ஆதரவு அணிக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது: உள்ளாட்சியில் முதலில் சோதித்துவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோவது நமக்குப் பழக்கமான வழிதான். எதிரணிக்கும் ஒன்று உண்டு: படித்தவர், உணர்வுள்ளவர் என்று அன்று 18க்குச் சொன்ன அதே வாசகத்தை இன்று 16க்குச் சொல்கிறீர்கள், நாளை 14க்கும் சொல்லலாமே, எங்கே நிற்பீர்கள்?

திருத்தத்துக்கான கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு. 543 இடங்கள் உள்ள மக்களவையில் குறைந்தது 272 பேர். போன முறை போலவே மாநிலங்களின் ஒப்புதலும் தேவைப்படும் என்று வைத்தே பேசுங்கள். கூடவே 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவையும் மாற்ற வேண்டும், 18 என்ற எண் அங்கேயும் இருக்கிறது.

தாளின் அடியில் ஓர் எச்சரிக்கை: 17 வயது முடிந்தவர் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு 2022இல் வந்தது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். அந்த நாளில் 18 நிறைந்தால்தான் பெயர் ஏறும். ‘17 வயதிலேயே ஓட்டு வந்துவிட்டது’ என்று இதைத் திரித்துச் சொல்வது மேடையில் அடிக்கடி கேட்கும் பிழை.

பக்குவம் என்ற பள்ளம்

பக்குவத்தைத் தொடாமல் இருக்க முடியாது. தொட்டால் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். உளவியலில் இதற்குப் பயன்படும் ஓர் ஆய்வு உண்டு. இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,000க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2019இல் வெளியானது. நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் திறன் சுமார் 16 வயதிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆத்திரம், நண்பர் கூட்டம், உடனடி ஆசை ஆகியவற்றுக்கு முன் தன்னை அடக்கும் திறன் 18ஐத் தாண்டித்தான் வருகிறது என்பது அதன் முடிவு.

ஒரே ஆய்வு இரண்டு அணிக்கும் உதவும். ஆதரவு அணி: ஓட்டு என்பது வாரக்கணக்கில் யோசித்து, மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று அழுத்துவது, எனவே அது நிதான வேலை. எதிரணி: நம்மூர்த் தேர்தல் அப்படியா நடக்கிறது? ஒலிபெருக்கி, ஊர்வலம், வாட்ஸ்அப் வதந்தி, கடைசி இரவில் வீட்டுக் கதவைத் தட்டும் கவர், அத்தனையும் சூடு. ஆதரவு அணி ‘16 வயதில் மூளை முழுதாக வளர்ந்துவிடுகிறது’ என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும், ஆய்வின் அடுத்த பாதியை எதிரணி வாசித்துக் காட்டும்.

ஆதரவு அணி அங்கிருந்து வெளியே வர நல்ல கதவு 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அன்று எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். அந்த நாட்டில்தான் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தார்கள். சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. திறமையை அளந்து ஓட்டு கொடுக்கும் வழக்கம் இந்தக் குடியரசுக்கு முதல் நாளிலிருந்தே கிடையாது; பிறகு 16 வயதுக்காரரிடம் மட்டும் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்? எதிரணியின் சரியான பதில் ‘அவர்களுக்குத் தெரியாது’ என்பது அல்ல. ‘அளக்கப் போவதில்லை என்று முடிவு செய்ததால்தான் ஏதோ ஓர் இடத்தில் கோடு வேண்டியிருக்கிறது. 1875 வயது வந்தோர் சட்டத்திலிருந்து ஒப்பந்தம், சொத்து என்று பலவற்றுக்கும் அந்தக் கோடு 18இல் இருக்கிறது. ஓட்டுக்கு மட்டும் ஏன் நகர்த்த வேண்டும்?’ என்பது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் விவாதம் உருப்படும். கோடு எங்கே இருந்தால் முறை நன்றாக ஓடும் என்பதே இந்தத் தலைப்பின் உண்மையான கேள்வி.

ஆதரவு அணிக்கு

உங்கள் முதுகெலும்பு பழக்கம் பற்றிய வாதமாக இருக்கட்டும். முதல் ஓட்டை ஒருவர் எந்தச் சூழலில் போடுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் தொடர்ந்து போடுவதும் விடுவதும் அமைகிறது. 18 என்பது அந்த முதல் ஓட்டுக்கு ஆகாத வயது.

இதற்கு ஜப்பானைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2015இல் வயதை 20இலிருந்து 18 ஆக்கினார்கள். 2016 ஜூலை மேலவைத் தேர்தலில் 18 வயதினரில் 51.28 சதவீதம் வாக்களித்தார்கள். 19 வயதினரில் 42.30. ஓராண்டு மூத்தவர்கள் ஒன்பது புள்ளி குறைவு. அறிவு ஓராண்டில் குறைந்துவிடாது. 18 வயதினரில் பலர் இன்னும் பள்ளியில், பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். 19 வயதினரில் பலர் வேறு ஊரில் கல்லூரிக்கோ வேலைக்கோ போயிருந்தார்கள், பதிவு மட்டும் பழைய வீட்டில்.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குப் படமாக மாற்றுங்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கோயம்புத்தூரில் பொறியியல் முதலாண்டு, விடுதி அறை. பெயர் ஏறியிருந்தால் ஊர்ப் பட்டியலில். வாக்குப்பதிவு நாளுக்கு முந்தைய இரவு பேருந்தில் நிற்க இடமில்லை, மறுநாள் ஆய்வகத் தேர்வு. போகமாட்டான். அவன் தங்கை பிளஸ் 1. அவளுக்கு வாக்குச்சாவடி எது தெரியுமா? அவள் தினமும் படிக்கப் போகும் அதே அரசுப் பள்ளி. அவளுடைய வகுப்பறைச் சுவரில்தான் பாகம் எண் ஒட்டியிருப்பார்கள், அவளுடைய பெஞ்சில்தான் கட்சி முகவர் உட்கார்ந்திருப்பார். அவள் மட்டும் அன்றைக்கு உள்ளே வர முடியாது. நடுவர் குறிப்பெடுப்பது இப்படிப்பட்ட காட்சியைத்தான், ‘இளைஞர் சக்தி’யை அல்ல.

அடுத்து வியன்னா. 2010 நகரத் தேர்தலில் உண்மையான வாக்காளர் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது 16–17 வயதினர் 18–20 வயதினரைவிட அதிகமாக வாக்களித்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் 2014 பொதுவாக்கெடுப்பையும் சேர்க்கலாம்: 16–17 வயதினரில் 75 சதவீதம், 18–24இல் 54 சதவீதம் வாக்களித்ததாகத் தேர்தல் ஆணையத்தின் கருத்துக்கணிப்பு சொன்னது. ‘வாக்களித்ததாகச் சொன்னவர்கள்’ என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். கணிப்பில் சொல்வது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. வியன்னாவை முதலில் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

விட்டுவிட வேண்டிய வாதங்கள் இரண்டு. ஒன்று வரி: ‘16 வயதுக்காரரும் ஜிஎஸ்டி கட்டுகிறார்.’ மிட்டாய் வாங்கும் ஆறு வயதுக் குழந்தையும் கட்டுகிறது என்று எதிரணி சொன்னதும் அரங்கம் சிரித்துவிடும். இரண்டு ராணுவம். 1971இல் அமெரிக்காவில் 18 ஆக்கியதற்குப் பின்னால் வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது உண்மை. இங்கே கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை, அக்னிவீர் சேர்க்கையும் பதினேழரை வயதில்தான் தொடங்குகிறது. இதை வைத்து 16க்கு வர முடியாது.

எடுக்கலாமா விடலாமா என்று நடுவே நிற்பது சிறார் நீதிச் சட்டம். 2015 சட்டப்படி மிகக் கொடிய குற்றங்களில் 16–18 வயதினரைப் பெரியவர்களாக விசாரிக்கலாம். ‘தண்டனைக்கு 16, ஓட்டுக்கு 18 ஏன்?’ என்பது கூர்மையான வரி. ஆனால் அந்தச் சட்டம் தானாக அப்படிச் செய்வதில்லை. சிறார் நீதிக் குழுமம் அந்தப் பிள்ளையின் மனநிலையைத் தனித்தனியாகப் பரிசீலித்த பிறகுதான். எதிரணி இதைப் பிடித்துக்கொண்டு ‘அப்படியென்றால் ஓட்டுக்கும் ஆள் ஆளாகப் பரிசோதிப்போமா?’ என்று கேட்கும். பதில் தயாராக இருந்தால் மட்டும் எடுங்கள்.

எதிரணிக்கு

உங்களுடைய மிகப் பலமான எண் 2024 வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. மொத்த வாக்காளர்கள் சுமார் 96.8 கோடி. அதில் 18–19 வயதினர் 1.84 கோடி. இந்தியாவில் இந்த வயதில் ஒவ்வோர் ஆண்டுக் குழுவும் இரண்டு கோடிக்கு மேல். எனவே பட்டியலில் நான்கு கோடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். பாதிகூட ஏறவில்லை. இருக்கும் உரிமையையே கொண்டுபோய்ச் சேர்க்காத முறைக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் குழுக்களைக் கொடுத்து என்ன செய்வீர்கள்?

ஆதரவு அணி விவரமானவர்களாக இருந்தால் ‘பள்ளியில் இருக்கும்போதே சேர்த்துவிடலாம், அதனால்தான் 16’ என்பார்கள். இதற்காகத்தான் முன்பு சொன்ன 17 வயது விண்ணப்ப ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ‘பிளஸ் 2 வகுப்பறையிலேயே பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்ப இன்றைய விதியே இடம் தருகிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் அரசியலமைப்பை ஏன் அறுவை செய்கிறீர்கள்?’ இந்தத் தலைப்பில் எதிரணிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மறுப்பு இதுதான். இதற்கு ஆதரவு அணியின் ஒரே உருப்படியான பதில், பெயர் ஏறுவது வேறு, வாக்குச்சாவடிக்குப் போவது வேறு என்பது. படிவம் பள்ளியில் நிரப்பினாலும் ஓட்டு வரும்போது பிள்ளை விடுதியில்தான் இருக்கும்.

இரண்டாவது, செல்வாக்கு. ‘அப்பா சொல்வதைக் கேட்டு ஓட்டுப் போடுவார்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள். அது 40 வயதுக்காரருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். வாக்குப்பதிவு அலுவலர்களிலும் அவர்கள்தான் பெருந்திரள். செய்முறைத் தேர்வு மதிப்பெண் போடுபவரே பெயரைச் சேர்ப்பவரும், விரலில் மை வைப்பவரும் ஆகிறார். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். பிள்ளையின் மனதில் அந்த மேசை தேர்வு மேசைதான். கூடவே, பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்ய நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்ததை நினைவூட்டலாம். கயிறு நுழைந்த வாசலில் கட்சிக் கொடி நுழைய எவ்வளவு நேரம்? ‘ஏற்கெனவே நுழைந்துவிட்டதை ஓட்டு இல்லாமல் வைத்தால் மட்டும் மறைந்துவிடுமா?’ என்று திருப்புவார்கள். எதிர்பார்த்திருங்கள்.

தலைப்பு உள்ளாட்சி மட்டும் என்றால் இரட்டைப் பட்டியல் சிக்கலை எடுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்குச் சட்டமன்ற வாக்காளர் பட்டியலையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். வயது வேறானால் தனிப் பட்டியல், தனிச் சரிபார்ப்பு, தனிப் புகார். அமெரிக்காவில் 1970 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியத் தேர்தல்களுக்கு மட்டுமே 18 வைக்க முடியும், மாநிலத் தேர்தல்களுக்கு முடியாது என்றது. இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளும் தலைவலிக்கு அஞ்சியே மாநிலங்கள் ஓடிவந்து, எல்லாத் தேர்தல்களுக்கும் 18 ஆக்கும் 26ஆம் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தன. 1971 மார்ச் 23இல் அனுப்பியது ஜூலை 1இல் நிறைவேறிவிட்டது. ஸ்காட்லாந்து இரண்டு வயதோடும் சமாளிக்கிறதே என்று ஆதரவு அணி சொல்லலாம். சொல்லட்டும், ஊராட்சி அளவில் அதைச் செய்துகாட்டும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது.

எதிரணி தயவுசெய்து சொல்லக் கூடாத வாக்கியம்: ‘சினிமா நடிகருக்குத்தான் போடுவார்கள்.’ எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977. அன்று ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தது 21 வயது. இந்த ஒரு பதிலில் அரங்கம் உங்களை விட்டுப் போய்விடும்.

‘ஒரே கட்சிக்குச் சாய்வார்கள்’ என்பதும் நிற்காது. ஜெர்மனி 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 16 வயதினரை அனுமதித்தது. 2019இல் 24 வயது வரையுள்ள இளையவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு பெற்ற பசுமைக் கட்சி, இந்த முறை வாக்குச்சாவடிக் கணிப்பில் 16–24 வயதினரிடையே 11 சதவீதத்துக்கு இறங்கியது. வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 16, பழைமைவாதக் கூட்டணி 17. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கணித்துப் பேசிய இரண்டு தரப்பும் அசடு வழிந்தது.

நாட்டு அட்டைகள்

ஒரு நாட்டுக்கு ஓர் அட்டை: ஆண்டு, பழைய வயது, புதிய வயது, வழி, ஒரு எண். ஆறுக்கு மேல் வேண்டாம். 15 நாட்டின் பெயரை மூச்சுவிடாமல் அடுக்குவது மனப்பாடப் போட்டியில்தான் எடுபடும்.

மலேசியாவைக் கட்டாயம் வையுங்கள், அந்நாட்டுத் தமிழர்களும் ஓட்டு வரிசையில் நின்ற நாடு என்பதாலும், பிழை நிறைய வரும் இடம் என்பதாலும். 2019 ஜூலையில் கீழவையில் ஒருவர்கூட எதிர்க்காமல் 21ஐ 18 ஆக்கினார்கள். அமலுக்கு வந்தது 2021 டிசம்பர் 15, அதுவும் கூச்சிங் உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. 2018இல் சுமார் 1.49 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் சுமார் 2.11 கோடி ஆனது. ‘வயதைக் குறைத்ததால் 60 லட்சம் இளைஞர்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். அதே திருத்தத்தில் தானியங்கிப் பதிவும் இருந்தது. அதுவரை பதிவு செய்யாமல் இருந்த 30, 40 வயதுக்காரர்களும் அந்தக் கணக்கில்தான் வந்தார்கள்.

தைவான் எதிரணிக்கு. 2022 நவம்பர் பொதுவாக்கெடுப்பில் 18 ஆக்குவதற்கு ஆதரவாக சுமார் 56 லட்சம், எதிராக சுமார் 50 லட்சம். ஆதரவு அதிகம், ஆனாலும் தோற்றது. மொத்த வாக்காளர்களில் பாதி, அதாவது 96 லட்சம் தேவைப்பட்டது. நியூசிலாந்து ஆதரவு அணிக்கு: அதே மாதம் அங்கே உச்ச நீதிமன்றம் 18 என்ற வரம்பு வயதுப் பாகுபாடு என்றது. ஆனால் சட்டம் தானாக மாறிவிடவில்லை. இலங்கையை ஒரு வரியில் தொடலாம், அங்கே 1959லேயே 18.

பிரிட்டன் அட்டையை பென்சிலில் எழுதுங்கள். 2025 ஜூலையில் அரசு 16 ஆக்கப் போவதாக அறிவித்தது. அறிவிப்பும் சட்டமும் வெவ்வேறு. மேடைக்கு முந்தைய நாள் நிலவரத்தைப் பார்த்துவிட்டு மையில் எழுதிக்கொள்ளலாம்.

எழுதுவதும் அடித்துப் பார்ப்பதும்

மேடைத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போகும். ஐந்து நிமிடம் என்றால் 450 சொல், அதில் எண்கள் நான்கைத் தாண்டக் கூடாது. முதல் 40 வினாடியில் தலைப்பை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வணக்கம், அவையடக்கம், குறள் என்று ஒன்றரை நிமிடம் தின்றுவிட்டு மணி அடித்ததும் வேகம் பிடிப்பது நம் மேடைகளின் தீராத நோய். குறள் வேண்டுமானால் வாதத்துக்கு நடுவில் தேவைப்பட்ட இடத்தில் வரட்டும்.

மறுப்புரைக்கு எழுதி வைத்த பேச்சு உதவாது. ஆறாவது நாள் அணி நண்பர் எதிரணியாக நிற்கட்டும். ஒரு கேள்வி, 20 வினாடியில் பதில். இப்படி:

‘அக்கா, 1984இல் வாக்குப்பதிவு 64 சதவீதம். 18 வயதுக்காரர்களைச் சேர்த்த 1989இல் 62. இளைஞரைச் சேர்த்தால் குறைகிறதே?’

‘சேர்த்தது 18, 19, 20 வயதினரை, ஊரைவிட்டுக் கிளம்புகிற வயதை. அதோடு 1984 இந்திரா காந்தி கொலையான இரண்டாவது மாதம் நடந்த தேர்தல். எந்தத் தேர்தலையும் அதோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும்.’

முதல் வாக்கியம் வாதத்துக்குள் இழுக்கிறது, இரண்டாவது எண்ணின் காலைத் தட்டுகிறது. 20 வினாடிக்குள் இரண்டும் முடிந்துவிட்டது. இதே மாதிரி 12 கேள்வி எழுதி, இரண்டு பக்கமும் மாறி நின்று பழகுங்கள். பதில் வராத கேள்விகள் மூன்று நான்கு மிஞ்சும். அவற்றுக்குத் தொடர்பான வாதத்தை உங்கள் பேச்சிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

நடத்துகிறவர்களுக்கு

கைதட்டலை வைத்து முடிவு சொல்லாதீர்கள். முன்னும் பின்னும் சீட்டு வாங்குங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, முடிவில்லை. அதிகம் பேரை நகர்த்திய அணிக்கே வெற்றி. 80 பேர் அரங்கில் தொடக்கத்தில் ஆதரவு 24, எதிர்ப்பு 40, முடிவில்லை 16 என்று வைப்போம். முடிவில் 33, 43, 4. எதிர்ப்புதான் இன்னும் பெரும்பான்மை. ஆனால் ஆதரவு அணி 9 பேரைக் கூட்டியது, எதிரணி 3 பேரை. ஆதரவு அணி வென்றது.

இதில் கெடுவது ஒரே இடத்தில்: தாமதமாக வருகிறவர்கள் முதல் சீட்டுப் போடாமல் கடைசிச் சீட்டு மட்டும் போட்டுவிடுவார்கள். அதிலும் பேச்சாளரின் விடுதி நண்பர்கள் பத்துப் பேர் கடைசியில் நுழைந்தால் கணக்கு முழுதும் கவிழும். இரண்டு சீட்டையும் ஒரே எண்ணோடு சேர்த்து அச்சடித்து, நடுவில் கிழிக்கும்படி வாசலில் கொடுங்கள். முதல் பாதி வராத எண்ணின் இரண்டாம் பாதியை எண்ணாதீர்கள்.

பள்ளி மேடை என்றால் அரங்கில் பாதிப் பேர் இந்தத் தலைப்பு நேரடியாகத் தொடும் ஆட்கள். 18 நிறையாதவர்களுக்கு மஞ்சள் சீட்டு, மற்றவர்களுக்கு வெள்ளை. இரண்டையும் தனித்தனியாக எண்ணி, மஞ்சள் கணக்கை முதலில் வாசியுங்கள்.